சிலுவைக்குக் கீழே இரண்டு விரல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். என் கணவர் ஜோனா அதை மழை என்பார். கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றால் தானாக விட்டுவிடுமாம். இந்த முறை வந்த கோபம் மட்டும் போகவில்லை. வந்த இடத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

நான் மரம் அளப்பவள். இதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் உட்காருபவர்கள், "மரம் வெட்டுற கம்பெனியா?" என்று கேட்பார்கள். வெட்டுவதில்லை. ஒரு காடு வருடத்துக்கு எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றிலிருந்து இழுத்துத் தன் மரங்களுக்குள் வைத்துக்கொள்கிறது என்று அரசாங்கங்களெல்லாம் இப்போது கேட்கின்றன. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் யாராவது காட்டுக்குள் போய் ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்து நாடா சுற்றி அளக்க வேண்டும். செயற்கைக்கோளுக்கு மேலிருந்து பச்சை தெரியும். பருமன் தெரிய, கீழே கொசுக்கடி வாங்க ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி நான். இரண்டு வருடம் கழித்து அதே மரத்தை அதே இடத்தில் மறுபடி அளந்தால், எவ்வளவு பருத்திருக்கிறது என்று தெரியும். பருத்த அளவை வைத்து, உள்ளே போன கார்பனை ஃபார்முலா சொல்லிவிடும்.

அதே இடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடிமரம் கீழே போகப் போகப் பருக்கும். அதனால் உலகம் முழுக்க ஒரே உயரம்: தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர். முதல் முறை மட்டும் கோல் வைத்து அந்த உயரத்தைக் கண்டுபிடித்து, மரத்தைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போடுவோம். அதற்குப் பிறகு கோலை யாரும் தொடுவதில்லை. மண் அரிக்கும், இலை மக்கி மேடாகும், தரை மாறிக்கொண்டே இருக்கும். தரையை நம்பாதே, கோட்டை நம்பு என்பது எங்கள் தொழிலில் சட்டம்.

எனக்கு இன்னொரு கோலும் உண்டு. என் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சிலுவை. என்னுடைய பழைய ரப்பர் ஷூவில் நான் நிமிர்ந்து நின்றால் அந்தச் சிலுவை சரியாக ஒரு மீட்டர் முப்பதில் நிற்கும். இதைக் கண்டுபிடித்தவன் கீத். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கோலை வேனிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டோம். "ரூபி, கொஞ்சம் மரத்தோட ஒட்டி நில்லு," என்றான். நின்றேன். சிலுவைக்கு நேராகக் கோடு போட்டான். அப்புறம் கோல் வைத்துப் பார்த்தால் இம்மி பிசகவில்லை. அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு.

கீத்தை நான் எப்படிச் சொல்வது? ஜோனாவுடன் பாடகர் குழுவில் பாடுபவன். என் மகள் பெதானிக்கு ஞானத்தகப்பன். என் அப்பா இறந்தபோது சவப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கியவன். காட்டில் நான் நாடா சுற்றிப் படிப்பேன், அவன் எழுதுவான். எழுதுமுன் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்வான். "நாற்பத்தேழு புள்ளி ரெண்டு" என்பேன். "நாற்பத்தேழு புள்ளி ரெண்டு" என்று வரும். பழைய அளவுகள் எங்கள் இருவர் கையிலும் இருக்காது. தெரிந்தால் கை தானாக இழுக்கும் என்பதற்காக முதலாளி டானியலா அவற்றைப் பூட்டி வைத்திருப்பார். பத்து வருடத்துக்கு மேலாக அந்தக் காட்டுச் சத்தத்தில் என் குரலும் அவன் குரலும் இப்படிப் போய்ப் போய் வந்திருக்கின்றன. கணவனிடம் பேசியதைவிட அவனிடம் எண்கள் அதிகமாகப் பேசியிருப்பேன்.

புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. யாரோ கைவிட்ட பழைய ரப்பர் தோட்டம், நடுநடுவே தானாக வளர்ந்த அல்பீசியா மரங்கள். பெரிய பெயர் எதுவும் கிடையாது. அந்தக் காட்டை வைத்திருப்பதா, வேறு தேவைக்கு எடுப்பதா என்று ஓர் ஆலோசனைக் குழு முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் ஓர் எல்லை வைத்திருந்தார்கள். ஒரு ஹெக்டேர் வருடத்துக்கு இத்தனை டன்னுக்கு மேல் உறிஞ்சினால் காடு இருக்கும். அதற்குக் கீழே என்றால் இருக்கும் என்று சொல்ல முடியாது. அளக்கும் வேலை எங்கள் சிறிய நிறுவனத்துக்கு வந்தது.

காட்டைப் பார்த்தபடி இருக்கும் பிளாக்கில் மங்களம் அக்கா குடியிருந்தார். காட்டுக்காகக் கையெழுத்து வாங்கியவர், அக்கம்பக்கத்தைக் கூட்டியவர். நாங்கள் வெளியே வரும்போதெல்லாம் பிளாஸ்கில் தேநீரோடு பிளாக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்டெக்கில் காத்திருப்பார். "காடு நல்லா மூச்சு விடுதாம்மா?" என்று கேட்பார். "அளந்துகிட்டு இருக்கோம் அக்கா. ஒவ்வொரு மரத்தையும் என் கையாலதான் அளக்கிறேன். வர்ற நம்பர் உண்மையான நம்பரா இருக்கும்," என்று நான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னேன். அவர் அதைப் பிளாக் முழுக்கச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரப் பயம்தான். அந்த அல்பீசியா மரங்களுக்கு வயதாகிவிட்டது. வயதான மரம் நிறைய வைத்திருக்கும், புதிதாக எடுத்துக்கொள்வது குறைவு. குழு கேட்டதோ எடுத்துக்கொள்வதை மட்டும். கீத்திடம் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன். அவனும் உச்சுக்கொட்டியிருக்கிறான்.

இரண்டாவது சுற்று அளவு தொடங்குவதற்குச் சற்று முன்னால் என் பிறந்தநாள் வந்தது. கீத் வீட்டுக்கு வந்து ஒரு பெரிய பெட்டியைக் கொடுத்தான். உள்ளே காட்டுக்குப் போடும் பூட்ஸ். கனத்த அடிப்பாகம், கணுக்காலுக்கு மேலே வரும் உயரம், நல்ல தோல். என்னைப் போன்றவள் விலையைப் பார்த்துவிட்டுக் கடையிலேயே திருப்பி வைக்கும் சாமான். "அந்த ரப்பர் ஷூவைத் தூக்கிப் போடு. முதுகுவலி முதுகுவலின்னு உயிரை வாங்குற," என்றான். யாரும் சொல்லாமலே என் முதுகைப் பற்றி ஒருவன் யோசித்திருக்கிறானே என்று ஜோனாவுக்கு முன்னாலேயே கண் கலங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். எங்குமே கடிக்கவில்லை.

சுற்றின் முதல் நாள், முதல் பெரிய மரத்தோடு ஒட்டி நின்றபோது சிலுவை கோட்டுக்கு மேலே நின்றது. "கீத், இந்த வயசுல நான் வளர்ந்துட்டேன் போல," என்றேன்.

"பூட்ஸ் லா. அடிப்பாகம் எவ்வளவு கனம்னு பாரு," என்றான். எழுதும் அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

நான் சிரித்துக்கொண்டே நாடாவைச் சுற்றினேன்.

சுற்று முடிந்து, டானியலா பழைய அளவோடு புதிய அளவைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். காடு எல்லையைத் தாண்டியிருந்தது. நூலிழையில் தாண்டவில்லை, நன்றாகவே தாண்டியிருந்தது. அலுவலகத்தில் நான் ஓவென்று கத்திவிட்டேன். மங்களம் அக்காவிடம் சொன்னபோது அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை குழுவின் முன் யாராவது இதை விளக்க வேண்டும். வழக்கமாக அதைச் செய்பவன் கீத். இந்த முறை அவனே, "ரூபி பேசட்டும். ரூபி சொன்னா எல்லாரும் நம்புவாங்க," என்றான். அதையும் நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். என்ன ஒரு மடச்சி.

அந்தச் செவ்வாய்க்கு முந்திய வெள்ளிக்கிழமை, பேச்சுக்குப் படம் வேண்டும் என்று டானியலா என்னைக் காட்டுக்குக் கூப்பிட்டார். நாடா சுற்றியபடி நான் நிற்கும் படம். முந்தின நாள் மழையில் பூட்ஸ் தொப்பலாக நனைந்து ஜோனா அதைக் காற்றாடிக்கு முன்னால் வைத்திருந்தார். பழைய ரப்பர் ஷூவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

டானியலா படம் எடுத்துவிட்டு வேறு வேலை என்று கிளம்பிவிட்டார். நான் நாடாவைக் கழற்றும்போது தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். சிலுவை கோட்டுக்கு மேலே இருந்தது. இரண்டு விரல் அளவு.

காலைப் பார்த்தேன். ரப்பர் ஷூதான். தரை மேடாகியிருக்கும் என்று நினைத்துச் சருகையெல்லாம் காலால் தள்ளினேன். கீழே வேர் எப்போதும் போல வெளியே தெரிந்தது. அடுத்த அல்பீசியாவுக்குப் போனேன். அங்கேயும் இரண்டு விரல். ரப்பர் மரம் ஒன்றோடு ஒட்டி நின்றேன். சிலுவையும் கோடும் பழையபடி நேராக இருந்தன. மறுபடி ஓர் அல்பீசியா. இரண்டு விரலுக்குக் கொஞ்சம் மேலே.

ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த ஒரு தகட்டை ஆணியில் தொங்கவிட்டிருப்போம். ஆணி அடித்த இடம் வீங்கும் என்பதால் கோட்டுக்கு ஒரு சாண் மேலேதான் அடிக்க வேண்டும். சாண் என்றால் என் சாண். ஆணிகள் எல்லாம் நான் அடித்தவை. தரை ஏறும், இறங்கும். ஷூ மாறும். ஆணிக்கும் கோட்டுக்கும் நடுவே இருப்பது மாறாது. கையை விரித்து வைத்தேன். என் சாண் முடிந்த இடத்துக்குக் கீழே இரண்டு விரல் போனால்தான் மஞ்சள் கோடு வந்தது.

சாண் முடிந்த இடத்தில் பட்டையின் நிறம் கொஞ்சம் தட்டையாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். சாம்பல் நிறப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் மஞ்சள் இருந்தது.

அளவுச் சுற்றுக்கு முன்னால் காட்டுக்குள் போய், மங்கிய கோடுகளுக்கு மேல் புதிதாகப் பெயிண்ட் அடிப்பவன் கீத். அவன் மட்டும்தான்.

இதில் இருந்த கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. எல்லா மரத்திலும் கை வைக்கவில்லை. ரப்பர் மரத்தின் தண்டு ஒரே சீராக இருக்கும், கோட்டை இறக்கினாலும் பெரிதாக ஒன்றும் கூடாது. அல்பீசியாவின் அடி பருத்து விரியும். காட்டின் கார்பனில் பெரும்பங்கு அந்தப் பெரிய மரங்களில்தான். அங்கே கோட்டை இரண்டு விரல் இறக்கினால் நாடா சில மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். வயதான மரம் இரண்டு வருடத்தில் பருப்பதே சில மில்லிமீட்டர்தான். நான் ஒழுங்காக, இழுத்துப் பிடித்து, கொடிக்கு அடியில் நாடாவை நுழைத்து, இல்லாத வளர்ச்சியை மிகச் சரியாக அளந்து கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் கீத் பாடினான். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் பாடகர் குழுவிலிருந்து என்னைப் பார்த்துக் கை கூப்பினான். நானும் கூப்பினேன், பழக்க தோஷம். பூசை முடிந்ததும், "தேக்காவுல சாப்பிடலாம் வா. ஜோனா வீட்டுக்குப் போகட்டும்," என்று சொல்லி அவனை அழைத்துப் போனேன். சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். அவன் வழக்கம் போல முன்னால் போய் எனக்கு வழி விலக்கிக்கொண்டே போனான்.

பரோட்டா வந்தது. நான் தொடவில்லை.

"அல்பீசியா கோடெல்லாம் எப்போ இறக்கின?" என்று கேட்டேன்.

பிய்த்த பரோட்டாவைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினான். இல்லை என்று சொல்வான் என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஆணி. நீ ஆணிய மறந்துட்ட."

"ஆணிய நகர்த்தினா ஓட்டை தெரியும்," என்றான். மறக்கவில்லை, யோசித்துத்தான் விட்டிருக்கிறான். "சரி. கத்தாத. கேளு. அந்தக் காடு தப்பணுமா வேணாமா?"

"தப்பணும்."

"அப்புறம் என்ன? அந்த ஃபார்முலாவே எங்கயோ வேற நாட்டு மரத்த வெட்டி எடை போட்டு எழுதினது. ரிப்போர்ட்லயே என்ன போட்டிருக்கோம்? இருபது பர்சன்ட் அப்படி இப்படி இருக்கலாம்னு. என்னோட ரெண்டு விரல் அதுக்குள்ளயே அடங்கிடும், ரூபி. யாருக்கும் நஷ்டம் இல்ல. ஒரு காடு பிழைக்குது."

"தெரியாம வர்ற தப்பு ரெண்டு பக்கமும் போகும் கீத். நீ எல்லாத்தையும் ஒரே பக்கமா தள்ளியிருக்க."

"நல்ல பக்கமா தள்ளியிருக்கேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் என்னை அன்பாகத்தான் பார்த்தான். அதுதான் தாங்கவில்லை. "உன்னால பொய் சொல்ல முடியாது. உன் மூஞ்சி காட்டிக் கொடுத்துடும். உனக்குத் தெரியாம இருந்தாதான் நீ நல்லா பேசுவ. அதான் உன்னைப் பேசச் சொன்னேன்."

சுற்றிலும் தட்டுச் சத்தமும் யாரோ தே தாரிக் தேநீருக்குக் கூவும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் என்னை நேர்மையானவள் என்று அவன் சொன்னபோதெல்லாம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவனுக்கு அது கோல், நாடா போல ஒரு சாமானாக இருந்திருக்கிறது.

"அப்போ பூட்ஸ்?" என்று கேட்டேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "சிலுவை மேல நிக்குதேன்னு கேட்டப்போ பூட்ஸ் லான்னு சொன்னியே."

"சே, அது வேற இது வேற," என்றான் உடனே. "அது உன் முதுகுக்கு வாங்கினது. வாய்க்கு வந்த பதிலச் சொன்னேன், அவ்வளவுதான். அந்த அளவுக்கு என்னை நினைச்சிட்டியா?"

வெட்கமாகிவிட்டது. ஆமாம், என் புத்தி ஏன் இப்படிப் போகிறது என்று நானே நினைத்தேன். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் யோசி. மங்களம் அக்கா முகத்த நினைச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு அவன் என் தட்டில் இருந்த பரோட்டாவைப் பொட்டலம் கட்டித் தரச் சொன்னான்.

ஆங் மோ கியோவுக்கு ரயிலில் திரும்பும்போது நான் கீத் பக்கம் பாதி சாய்ந்துவிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. செய்தது தப்பு, ஆனால் காட்டுக்காகச் செய்தான். தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. என்னை ஏமாற்றினான்தான், ஆனால் என்மேல் பிரியமும் வைத்திருக்கிறான். பூட்ஸ் இருக்கிறதே. செவ்வாய்க்கிழமை பேசாமல் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு வந்தால் என்ன? மங்களம் அக்கா சிரிப்பார். மரங்கள் நிற்கும். என் நெஞ்சுக்குள் ஒரு முள் இருக்கும், அது என் பாடு. ஸ்டேஷனில் இறங்கும்போது கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

வீட்டில் ஜோனா வாசலில் செய்தித்தாளை விரித்து பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். நன்றாகக் காய்ந்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை இதையே போட்டுட்டுப் போ. காட்டுக்காரின்னு பார்த்தாலே தெரியணும்," என்றார். ஒரு பூட்ஸைத் திருப்பி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தார். "கீத்துக்கு உன்மேல எவ்வளவு அக்கறைன்னு எனக்குத்தான் தெரியும். வாங்குறதுக்கு முன்னாடி என்னைப் படுத்தி எடுத்துட்டான்."

"சைஸ் கேட்டானா?"

"சைஸ் அவனுக்கே தெரியும். உன்னோட பழைய ஷூ அடிப்பாகம் எத்தனை மில்லிமீட்டர்னு அளந்து அனுப்பச் சொன்னான். தேய்ஞ்ச இடத்துல வேற, தேயாத இடத்துல வேற அளக்கணுமாம். நான் வேலைக்கு எடுத்துட்டுப் போற வெர்னியர் அளவுகோல் வச்சு அளந்து அனுப்பினேன். அத விடக் கனமா இருக்கணும், பார்த்தாலே வித்தியாசம் தெரியணும், அப்போதான் முதுகுக்கு நல்லதுன்னான். இந்த மாதிரி யோசிக்கிற ஃப்ரெண்டு யாருக்குக் கிடைப்பான், சொல்லு."

ஜோனா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அளவு என்று கேட்டால் அவருக்குச் சந்தோஷம், ஏன் என்று கேட்கத் தோன்றாது. அவர் மெழுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் பூட்ஸைச் செய்தித்தாளின்மேல் வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

காட்டுக்காகப் பொய் சொன்னதைக்கூட மன்னித்திருப்பேன். என் முதுகுவலியைச் சாக்காக வைத்து, என் புருஷன் கையாலேயே அளவு எடுத்து, என் கழுத்துச் சிலுவை கேட்கப்போகும் கேள்விக்குப் பதிலை முன்கூட்டியே காலில் மாட்டிவிட்டிருக்கிறான். நான் அழுதேன். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்கூட, அது வேற இது வேற என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னானே.

டானியலாவுக்கு ஃபோன் செய்தேன். டானியலா எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நாளைக்குக் காலையில கோலை எடுத்துட்டு வா. நான் எழுதறேன்," என்று தமிழில் சொன்னார்.

திங்கட்கிழமை ஒவ்வொரு அல்பீசியாவிலும் சாம்பல் பெயிண்டைச் சுரண்டிப் பழைய கோட்டைக் கண்டுபிடித்து, கோல் வைத்துச் சரிபார்த்து, அதன்மேல் நாடா சுற்றினேன். ரப்பர் ஷூதான் போட்டிருந்தேன். நான் எண்ணைச் சொல்ல, டானியலா திருப்பிச் சொன்னார். வேறு குரல் என்பதால் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டேன். கடைசி மரம் முடிந்ததும் அவர் அங்கேயே ஒரு வேரின்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

"கீழதான்," என்றார். "கொஞ்சம்தான் கீழ. ஆனா கீழ."

இந்தக் காடு வருடத்துக்குக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் எத்தனையோ வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறது, வெட்டினால் அத்தனையும் வெளியே வரும். செவ்வாய்க்கிழமை இதைச் சொல்ல முடியும். இது உண்மை. கேட்பவர்கள் கேட்டிருக்கவும் கூடும். ஆனால் முதலில் கோடுகள் இறக்கப்பட்ட கதையைச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும். கோட்டை மாற்றி வரைந்த கூட்டத்தில் ஒருத்தி வந்து, சேர்த்து வைத்திருப்பதையும் பாருங்கள் என்றால் யார் காது கொடுப்பார்கள்? காட்டைக் காப்பாற்றக் கையில் இருந்த ஒரே நல்ல வார்த்தையையும் கீத் கெடுத்துவிட்டான்.

வெளியே வந்தபோது வாய்டெக்கில் மங்களம் அக்கா பிளாஸ்கோடு இருந்தார். டானியலா சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்று தடுத்துவிட்டு நானே போய்ச் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன்.

அவர் காட்டைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ போயிடுமா?"

"தெரியல அக்கா. நாளைக்கு என்னால முடிஞ்ச வரைக்கும் பேசறேன்."

"அந்தத் தம்பி செஞ்சத விடு. அவர் என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல," என்றார் மங்களம் அக்கா. குரல் உயரவே இல்லை. "நீதானேம்மா சொன்ன, என் கையால அளந்தேன்னு. உன்ன வச்சுத்தானே நான் இந்த பிளாக்ல ஒவ்வொரு கதவா போய்ச் சொன்னேன்."

பிளாஸ்கைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். நான் பின்னால் போகவில்லை. போய் என்ன சொல்வது? எனக்கும் தெரியாது அக்கா என்றா? கீத் என்னை ஏமாற்றியது எனக்குத் தெரியும். ஆனால் மங்களம் அக்காவை ஏமாற்றியது என் வாய்.

வேனில் உட்கார்ந்திருந்தபோது கீத் கூப்பிட்டான். டானியலா அவனிடம் பேசிவிட்டார் போல. எடுக்கக் கூடாது என்று நினைத்தும் எடுத்தேன்.

"காட்ட கொன்னுட்ட, ரூபி," என்றான்.

"ஜோனாகிட்ட ஷூவோட கனத்த அளக்கச் சொன்னியா?"

மறுமுனையில் எங்கோ பேருந்து நின்று கிளம்பியது. அவன் இல்லை என்று சொல்லவில்லை.

"ஆனா பூட்ஸ் உனக்குச் சரியாதானே இருந்துச்சு?" என்று கேட்டான். அதை உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான் என்று நினைக்கிறேன்.

"ரொம்பச் சரியா இருந்துச்சு கீத்," என்றேன். "ஒரு நாள்கூட கடிக்கல."

ஃபோனை வைத்துவிட்டேன். நாளைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய ரப்பர் ஷூவில் சேறு அப்பியிருந்தது. டானியலா வண்டியைக் கிளப்பினார்.